சலேத் வீட்டுக் கார்னிஸ்

தூத்துக்குடியில், உப்புக்காற்று கதவுக் கீலையும் ஜன்னல் கம்பியையும் ஒன்றுவிடாமல் அரித்துத் தின்கிற தெருக்களில் ஒன்றில், மாதா திருவிழாவுக்குக் கட்டிய தோரணங்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் படபடத்துக்கொண்டிருந்த வாரத்தில், கப்பல் வேலையை முடித்துக்கொண்டு தொபியாஸ் மச்சாது வீடு வந்து சேர்ந்தார். வந்தவர் முகம்கூடக் கழுவாமல் ஹால் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து, சுவரும் மேல்தளமும் சந்திக்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏட்டி சலேத்து, நம்ம ஹாலுக்குக் கார்னிஸ் வைக்கணும்" என்றார்.

அவர் மனைவி சலேத் மேரி அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார். வந்தால் நண்டு, புது விரிப்பு, சொந்தக்காரர் வீட்டு விருந்து. பிறகு ஒரு நாள் டாக்ஸி வரும், அவர் போய்விடுவார், விரிப்பை அவள் துவைத்து மடித்து வைப்பாள். இந்த முறை டாக்ஸி வராது என்று அவர் சொல்லியிருந்தார். அதை முழுசாக நம்புவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

"கார்னிஸ்னா?" என்று கேட்டாள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அச்சில் வார்த்து, சுவரின் உச்சியில் நெடுகப் பதிப்பார்கள் என்று அவர் சொன்னார். வெளிநாட்டுத் துறைமுக ஆபீஸ்களில், கையெழுத்துக்காக மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும்போது, மேலே வெள்ளையாய்த் திராட்சைக் கொடி ஓடும், இலைக்கு இலை நரம்பு தெரியும், குலைகுலையாய்த் தொங்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது, அந்த மாதிரி ஒன்று நம் ஹாலுக்கு வேண்டும் என்று, வாய் நிறையச் சொன்னார்.

"அந்தத் திராட்சக் கொலைக்குள்ள ஒட்டட அடிக்கப் போறது யாரு?" என்றாள் சலேத். "வைக்கிறதா இருந்தா ஒரு கோடு, அதுக்குக் கீழ இன்னொரு கோடு. அது போதும்."

இப்படித்தான் அது தொடங்கியது.

கார்னிஸ் வேலைக்கு மாடக்கண்ணு என்பவன் வந்தான். பேச்சு கொஞ்சம் அதிகம், வேலை சுமார் என்று தெருவில் பெயர் எடுத்தவன். ஏணியைச் சாய்த்து, டேப்பை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறியவன், ஏறின இடத்திலேயே நின்று, டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "எக்கா, உங்க வீட்டுல செவரும் தளமும் ஒட்டலியே" என்றான்.

சலேத் அண்ணாந்து பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். ஹாலுக்கு மேலிருந்த காங்கிரீட் தளம், தண்ணீர்த் தொட்டியோடும் துணி காயப்போடுகிற கொடியோடும் அவளுடைய ரெண்டு சேலைகளோடும், சுவரை விட்டு ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி, எதையும் பிடித்துக்கொள்ளாமல், துறைமுகத்தில் கட்டிப்போட்ட தோணி மாதிரி லேசாக அசைந்துகொண்டு நின்றது. நாலு பக்கமும் வெளிச்சம் ஒரு ரிப்பன் போல ஓடியது. வேப்பமர உச்சி தெரிந்தது. மின்விசிறி மட்டும் ஒயரை இழுத்துப் பிடித்தபடி, எப்போதும் போலக் கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"வேற வீட்டுல இப்பிடிப் பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டார் தொபியாஸ்.

"விரிசல் பாத்திருக்கேன் அண்ணாச்சி. வேப்பமரம் தெரிஞ்சு பாத்ததில்ல." மாடக்கண்ணு கையை அந்த இடைவெளிக்குள் விட்டு அந்தப் பக்கம் விரல்களை ஆட்டிப் பார்த்தான். தெருவில் போன யாரோ அந்தக் கைக்கு வணக்கம் சொன்னார்கள். "ஆனா ஒண்ணும் பிரச்சன இல்ல. அகலமான கார்னிஸாப் போட்டா மூடிரலாம். திராட்சயா கோடான்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

ஆக, வீட்டுத் தளம் காற்றில் நின்றதைவிட, எந்தக் கார்னிஸ் என்பதுதான் அந்த வீட்டில் பெரிய கேள்வியாக இருந்தது. இரண்டு நாளில் அது தெருவுக்கும் பெரிய கேள்வியாகிவிட்டது.

தெரு முதலில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தது. ஒரு இன்ஜினியர் வந்து தளத்தின் மேல் ஏறி மெதுவாக ஒரு குதி குதித்தார், தளம் ஒரு விரல் இறங்கி, அவரை அலுங்காமல் தாங்கி, திரும்ப மேலே வந்தது, "விழுகல, சாயல, ஆடுது, அவ்வளவுதான், இதுல நான் என்னத்தச் சொல்ல" என்று மோர் குடித்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். அவர் வீசிய தீர்த்தத்தில் பாதி இடைவெளி வழியாக வெளியே போய், தெருவில் பழவண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் தலையில் விழுந்தது, அவரும் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினார். அதன்பிறகு எல்லாரும் பழகிப்போனார்கள். குருவிகள் வேப்பமரத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே இனிமேல் இதுதான் குறுக்கு வழி என்று ஹால் வழியாகப் பறந்தன. கரண்டு போன மத்தியானங்களில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, "உன் வீட்டுலதான்ட்டி கடக்காத்து" என்று சலேத்தின் ஹாலில் வரிசையாய்ப் படுத்தார்கள். தளம் சற்று எழும்பியிருக்கிற நாளில் கடலில் வாடைக்காற்று வலுக்கும் என்று சிலர் சொல்லி, வலைக்குப் போகுமுன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றைத்தான் யாரும் முதலில் கவனிக்கவில்லை. அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் உள்ளே வந்தது போல, பேச்சு வெளியே போனது. ஹாலில் முணுமுணுத்தால்கூடத் தெருமுனை டீக்கடையில் கேட்டது. திராட்சையின் அழகைப் பற்றித் தொபியாஸ் சொன்னதும், ஒட்டடையைப் பற்றிச் சலேத் சொன்னதும், சொன்ன சூட்டோடு தெருவுக்குப் போய்ச் சேர, தெரு இரண்டாகப் பிரிந்தது. திராட்சைக் கட்சி, கோட்டுக் கட்சி. தையல்கடை ரெய்மண்டு கோட்டுக் கட்சி. "கோடுதான்வே அழகு. பேன்ட்டுல பூ வெச்சுத் தச்சா எவன் போடுவான்?" என்பது அவன் வாதம். எதிர்வீட்டுப் பெர்பெத்து மைனி திராட்சைக் கட்சி. அவள் புருஷனும் கப்பல்காரன், வீட்டில் அவன் தங்கியதைவிடக் கடலில் தங்கியதுதான் அதிகம், இப்போது கல்லறையில் இருக்கிறான். "கேட்டு வாங்கத் தெரியாத மனுசன் ஒரே ஒரு பொருளக் கேக்கான், வெச்சுக் குடுத்தா என்ன?" என்பாள். பூசை முடிந்து வெளியே வந்தால், "சலேத்து, முடிவாச்சா?" என்று கேட்காத ஆளில்லை.

சலேத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் வாழ்ந்த வாழ்வில் யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவள். வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்து இருந்து, பேசவேண்டியதையெல்லாம் அரிசியோடு சேர்த்துக் களைந்து ஊற்றப் பழகியவள். இப்போது தொண்டையைக் கனைத்தால் டீக்கடையில் கேட்கிறது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஜாடையில் பேசத் தொடங்கினார்கள். ஜாடை அலுத்துப்போனதும் பேசுவதையே விட்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்ப்பார். அவள் அடுப்படியில் இருப்பாள். இதற்கு நடுவே சென்னையிலிருந்து கப்பல் ஏஜென்ட் வேறு போன் பண்ணத் தொடங்கினான். ஆள் பற்றாக்குறை, இன்னும் ஒரு தடவை போய்வந்தால் என்ன என்று. தொபியாஸ் அவனுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை இறங்குவதற்குள் கார்னிஸை வைத்து மூடிவிட வேண்டும் என்று சலேத் மாடக்கண்ணுவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். மழைக்காக மட்டும் அவள் அவசரப்படவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுக்கும்போது, தொபியாஸ் நீண்ட நேரம் யோசித்தவர் போல, சமாதானமாகப் போகிற குரலில், "சரி சலேத்து. உன் இஷ்டம். கோடே போட்டுரு" என்றார்.

தட்டுகளை அவள் கீழே வைத்தாள்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதிய."

"எந்த வார்த்தய?"

"உன் இஷ்டம். கெணறு எங்கன தோண்டன்னு கேட்டேன், உன் இஷ்டம்னிய. நம்ம மக ஜெனோவாவ எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கன்னு கேட்டேன், உன் இஷ்டம்னிய. உங்க அம்மைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவா, வீட்டுலயே வெச்சுப் பாக்கவான்னு போன்ல அழுதுட்டே கேட்டேன், அதுக்கும் உன் இஷ்டம்னுதான் சொன்னிய. அவிய செத்த அன்னைக்குப் பெட்டிக்கு வெள்ளத் துணி வைக்கவா ஊதாத் துணி வைக்கவான்னு கேக்கக்கூட எனக்கு ஆளு இல்ல. எல்லாம் என் இஷ்டம். ஒத்தையில நின்னு நான் எடுத்த முடிவாலதான் இந்த வீடு நெறஞ்சு கெடக்கு. இத்தன வருசத்துல இப்பத்தான், ஒரு திராட்சக் கொலைக்காக என்கூட ஒரு மனுசன் மல்லுக்கு நிக்கான். நான் வெளிய சொல்லல, ஆனா எனக்கு அது எம்புட்டு நல்லா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? அதயும் உன் இஷ்டம்னு என் தலையில போட்டுட்டுக் கப்பலேறப் போறியளோ?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று தெரிந்தது. அதைவிட, தெரு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று தெரிந்தது. டீக்கடையில் டம்ளர் சத்தம் இல்லை. தையல் மெஷின் ஓடவில்லை. குருவிகூட மரத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த வெளிச்ச ரிப்பனைப் பார்த்தாள். இனிமேல் எந்த முகத்தோடு வெளியே போவது என்று நினைத்தாள்.

அப்போது வெளியிலிருந்து, சுவருக்கு மேலாக, பெர்பெத்து மைனியின் குரல் வந்தது.

"சலேத்து, நிறுத்தாத. இன்னும் இருந்தாச் சொல்லு. நாங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்."

அந்தக் குரலில் கேலி இல்லை. கொஞ்சம் தள்ளி, இன்னொரு பெண்ணின் குரல், யாரென்று சரியாகத் தெரியவில்லை, தயங்கித் தயங்கிச் சொன்னது: "உங்க மாமி பெட்டிக்கு நீ ஊதாத் துணிதான வெச்ச? நல்லா இருந்துச்சு சலேத்து. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன், சொல்லாம விட்டுட்டேன்."

சலேத் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து அழுதாள். மாமி செத்தபோது அழ நேரமில்லாமல் பந்தலுக்கும் பெட்டிக்கும் ஆள் பிடித்து ஓடியவள், இப்போது, ஊதாத் துணி நல்லா இருந்தது என்று ஒருத்தி சொன்னதற்காக, நெஞ்சு குலுங்க அழுதாள். தொபியாஸ் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கப்பலில் உட்கார்கிற மாதிரி காலை அகட்டி வைத்து, எதையோ பிடித்துக்கொள்ளத் தேடுகிறவர் போல உட்கார்ந்தார்.

"சலேத்து," என்றார், தெருவுக்குக் கேட்கும் என்று தெரிந்தே, குரலைத் தாழ்த்தாமல். "இந்த வீட்டுல எந்த சுவிட்சப் போட்டா எந்த லைட் எரியும்னு எனக்குத் தெரியாது. நேத்து பாத்ரூமுக்குப் போக மூணு சுவிட்சப் போட்டுப் பாத்தேன். கூட வேல பாக்கிறவன் உன் வீடு எப்பிடி இருக்கும்னு கேட்டா, பெரிய வீடுன்னு சொல்லிட்டுப் பேச்ச மாத்திருவேன். ஒவ்வொரு தடவ வரும்போதும் புதுசா ஒரு கதவு இருக்கும், ஒரு அலமாரி இருக்கும், எல்லாம் நீ பாத்துப் பாத்துச் செஞ்சது, குத்தமே சொல்ல முடியாது. உன் இஷ்டம்னு சொன்னது பெரிய மனசுல இல்லட்டி. எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்ல வெக்கம். இந்தத் தடவ வந்து உக்காந்து பாத்தேன். நீ கை வைக்காம விட்ட எடம் அது ஒண்ணுதான், அந்த மேல் விளிம்பு. அதயாவது நான் செஞ்சேன்னு சொல்லலாமேன்னுதான் கார்னிஸுன்னு ஆரம்பிச்சேன்."

வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு தையல்கடை ரெய்மண்டின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, அப்பன்னா திராட்சயே வெச்சிருங்க. நான் வாபஸ்."

"அது எப்பிடி?" என்று சலேத் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள். "ஒட்டட அடிக்கப் போறது நீயா வே?"

தெரு முழுக்கச் சிரித்தது. தளம்கூட ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறிக் கார்னிஸ் கடைக்குப் போனார்கள். அது ஒரு நீண்ட கொட்டகை; சுவர் முழுக்க மாதிரித் துண்டுகளை வரிசையாய்ப் பதித்து வைத்திருந்தார்கள். இலை, தாமரை, பல்வரிசை போல் இடைவெளி விட்ட கட்டங்கள், முறுக்கிய கயிறு, அன்னம், சங்கு, கோடு, இரட்டைக் கோடு, படிப்படியாய் இறங்கும் கோடு. சலேத் கல்யாணமான பிறகு இவ்வளவு நேரம் அவரோடு ஒரு கடையில் நின்றதில்லை. சேலை எடுக்கப் போகும்போதுகூட அவர் ஊரில் இருந்ததில்லை. இப்போது அவர் அன்னத்தைக் காட்டினார், அவள் இது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்றாள். அவள் படிக்கோட்டைக் காட்டினாள், அவர் இது பேங்க் மாதிரி இருக்கிறது என்றார். கயிறு வேண்டாம், ஆயுசு முழுக்கக் கயிறு இழுத்தாச்சு என்றார். சங்கு வேண்டாம், அதை யார் ஊதுவது என்றாள். கடைக்காரர் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் தாண்டிவிட்டது. அவளுக்குக் கால் வலித்தது. கால் வலி தெரியாத மாதிரியும் இருந்தது.

கடைசியில் மூலையில் கிடந்த ஒரு துண்டின் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். படகின் உட்பக்கம் போல் குழிந்த ஒரு வளைவு. அதன் கீழ்விளிம்பில் சின்னச் சின்ன இலைகள், ஒரு விரலால் துடைத்தெடுக்கிற அளவுக்கு மேலோட்டமாய்.

"எப்பிடி இருக்கு?" என்றார் அவர்.

"எனக்கு முழுசாப் பிடிக்கல," என்றாள் அவள். "உங்களுக்கு?"

"எனக்கும் முழுசாப் பிடிக்கல. திராட்சக் கொல இல்ல."

"அப்ப இதத்தான் எடுக்கணும்," என்றாள் சலேத். அவருக்கு அதன் நியாயம் உடனே புரிந்தது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாடக்கண்ணு வேலையைத் தொடங்கிய அன்று தெருவே வந்து பார்த்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரேபோல முகத்தைச் சுளித்தார்கள். திராட்சை கிடைக்காத பெர்பெத்து மைனி, "இது என்னட்டி, கறிவேப்பில மாதிரி?" என்றாள், ரெய்மண்டு, "கோடு எங்கவே?" என்றான். ஆனாலும் எல்லாரும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். துண்டுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள், பிளாஸ்டர் மாவு குழைத்தார்கள், வளைவு கோணுகிறது என்று கீழே நின்று கத்தினார்கள். மழை உள்ளே சாரலாய் அடிக்காமல் இருக்க, வெளிப்பக்கம் தளத்தைச் சுற்றித் தகரச் சார்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள் வலைக்காரர்கள்.

தெருப் பக்கத்துச் சுவருக்கு வந்தபோது மாடக்கண்ணு ஏணியில் நின்றபடி கேட்டான்: "எக்கா, இத எப்பிடி வைக்கட்டும்? தளம் வரைக்கும் ஏத்தி வெச்சா ஒரு பொட்டு சத்தம் வெளிய போகாது. செவரோட நிப்பாட்டுனா, மேல சந்து இருக்கும். பாக்கிறவனுக்குத் தெரியாது. வெளிச்சம் வரும், காத்து வரும், பேச்சும் போகும். என்ன செய்ய?"

தொபியாஸ் வாயைத் திறந்தார். உன் இஷ்டம் என்று சொல்ல வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டது சலேத்துக்குத் தெரிந்தது. "எனக்கு விட்டுரலாம்னு தோணுது," என்றார், ஒவ்வொரு சொல்லாக யோசித்து. "காத்து இல்லாம எனக்குத் தூக்கம் வராது. நீ என்ன சொல்லுத?"

பெர்பெத்து மைனி மாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் கருத்துச் சொன்னவர்கள் இதற்கு மட்டும் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.

"செவரோட நிப்பாட்டு மாடக்கண்ணு," என்றாள் சலேத். "சந்து கெடக்கட்டும்."

கார்னிஸ் வேலை முடிந்து, வெள்ளையும் அடித்து, காய்ந்தும் போனது. சூரியன் ஏறும்போது வெளிச்சம் அந்த வளைவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, வேப்பிலைகளின் நிழலை எதிர்ச்சுவரில் இறக்கியது. தளம் தன்பாட்டுக்கு மேலே மிதந்தது. மழை பிடித்துக்கொண்டது, தகரத்தில் தடதடவென்று கொட்டியதே தவிர ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அடுத்ததாக அடுப்படிக்கு என்ன டைல்ஸ் போடுவது என்று இருவரும் வாக்குவாதம் பண்ணத் தொடங்கியிருந்தார்கள். அவர் பச்சை, அவள் வெள்ளை.

மழை விட்ட ஒரு காலையில் ஏஜென்ட் மறுபடியும் போன் பண்ணினான். தொபியாஸ் ஹாலில் நின்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கப்பல் துறைமுகத்துக்கு வந்தாயிற்று, இன்றைக்கே பதில் வேண்டும், வருகிறீர்களா இல்லையா என்று அவன் கேட்டான். சலேத் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது.

தொபியாஸ் அண்ணாந்து, ஒரு குறையும் இல்லாமல் முடிந்து பளபளவென்று இருந்த கார்னிஸைப் பார்த்தார். "வர முடியாது சார்," என்றார். "வீட்டுல கார்னிஸ் வேல நடக்கு. இன்னும் முடியல."

"அது எப்ப சார் முடியும்?"

அவர் பதில் யோசிப்பதற்குள், சந்து வழியாக எதிர்வீட்டிலிருந்து பெர்பெத்து மைனியின் குரல் வந்து விழுந்தது. "இப்போதைக்கு முடியாது! நெறைய வேல கெடக்கு!" அதைத் தொடர்ந்து டீக்கடையிலிருந்து, "ஒரு பக்கச் செவரு அப்பிடியே கெடக்கு சார்!" என்றொரு குரல். "கோட்ட வேற மாத்திப் போடணும்!" என்று ரெய்மண்டு. பழவண்டிக்காரர்கூடத் தன் பங்குக்கு, "மாவு வரலியே!" என்று கத்தினார்.

ஏஜென்ட், "யார் சார் அது, அவ்வளவு பேர் பேசுறாங்க?" என்று கேட்டான்.

தொபியாஸ் சலேத்தைப் பார்த்தார். அவள் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நம்ம வீட்டு ஆளுகதான் சார்," என்றார்.